ஐந்து வீட்டுக்கு ஒரு போர்

நான் பிறந்த ஊரில் தண்ணீரைப் பற்றி யாரும் தனியாகப் பேசியதில்லை. அது வாசலுக்கு எதிரே வாய்க்காலில் போய்க்கொண்டிருக்கும். தரங்கம்பாடிக்கு மேற்கே எங்கள் தெரு. அப்பா, அம்மா இரண்டு பேரும் பண்ணையாட்கள். எங்கள் வீட்டில் பேச்செல்லாம் கூலியைப் பற்றித்தான்.

ஒரு வருஷம் அறுவடைக் கூலியில் இன்னும் கொஞ்சம் நெல் சேர்த்துத் தரச் சொல்லி எல்லாரும் அரிவாளைக் கீழே வைத்தார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து வயலில் இறக்கினார். அப்பா மற்றவர்களோடு போய் வரப்பில் மறித்து நின்றார். கை எலும்பு முறிந்து திரும்பி வந்தார். அந்த வாரமே தெருவின் கோடியில் இருந்த வீடுகளின் கூரை எரிந்தது. யார் வைத்தது என்று எல்லாருக்கும் தெரியும், போலீசுக்கு மட்டும் தெரியவில்லை. ஆண்கள் பாதிப்பேர் சிறையில், மீதிப்பேர் தலைமறைவு. வயதுக்கு வந்த பெண்களை வீட்டில் வைத்திருக்கப் பயந்து, கிடைத்த இடத்தில் கட்டிக் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்த இடம் தஞ்சாவூருக்குத் தெற்கே, மேட்டுக்காடு.

தஞ்சாவூர் என்றால் பச்சை வயல் என்று நினைப்பவர்கள் அந்தப் பக்கம் வந்து பார்க்க வேண்டும். காவிரி பள்ளத்தில் ஓடுகிறது, எங்கள் மேட்டுக்கு ஏறி வராது. செம்மண், கீழே சரளை. மழை பெய்தால் கடலை விதைக்கலாம், பெய்யாவிட்டால் விதைக்கடலையைத் தின்னலாம். கல்யாணமாகி வந்த முதல் நாள் காலையில் அத்தை, அதாவது என் மாமியார், ஒரு செம்புத் தண்ணீரைக் கொடுத்து, "முகம் கழுவுற தண்ணிய இந்தப் பாத்தியில ஊத்தும்மா, கீரை இருக்கு" என்றார். நான் வாய்க்காலில் முங்கிக் குளித்து வளர்ந்தவள். அந்தச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றது நினைவிருக்கிறது.

மாமனார் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். என் வீட்டுக்காரரும் அத்தையும் கூலி வேலை செய்தார்கள், நானும் சேர்ந்துகொண்டேன். மகள் பிறந்த சமயத்தில்தான் நிலம் வந்தது. உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து பெரிய பண்ணைகள் உபரி நிலத்தை ஒப்படைத்துக்கொண்டிருந்த காலம். ஆற்றுப்பாசனத்தில் நெல் விளையும் நிலத்தையா ஒப்படைப்பார்கள்? எங்கள் ஊருக்கு ரோட்டோரப் பண்ணையார் ஒருவர் உண்டு. வீடு தஞ்சாவூரில், நஞ்சை நிலம் ஆற்றங்கரையில், மேட்டுக்காட்டில் இந்தத் தரிசு. தரிசில் ரோட்டை ஒட்டிய பாதியைத் தனக்கு வைத்துக்கொண்டு, உள்ளே கிடந்த சரளைக்காட்டை அரசாங்கத்திடம் விட்டுக்கொடுத்தார். அதை ஐந்து வீட்டுக்குப் பிரித்துப் பட்டா கொடுத்தார்கள். எங்கள் பங்கு அத்தை பெயரில். பட்டாவை வாங்கிக்கொண்டு வந்த அன்று அத்தை நிலத்தின் நடுவே போய் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. "இதுல என்ன வெளையும்னு தெரியல. ஆனா எந்திரின்னு சொல்ல ஆள் இல்ல" என்றார்.

சில வருஷங்கள் கடலையும் கேழ்வரகும் போட்டுப் பார்த்தோம். பிறகு தோட்டக்கலை ஆபீசர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர். வெயிலில் எங்களோடு நிலம் முழுக்க நடந்தார்.

"இந்த மண்ணுக்கு நெல்லு வேண்டாங்க. எலுமிச்சை வைங்க, கொய்யா வைங்க. மரம் பெருசாகுற வரைக்கும் நடுவுல முல்லை போடுங்க, பூவுக்குத் தஞ்சாவூர்ல எப்பவும் கிராக்கி. தண்ணி மட்டும் வந்துட்டா இது காடு இல்ல, தோட்டம்."

"தண்ணிக்கு எங்க போறது சார்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"கீழ இருக்கு. ஐஞ்சு வீட்டுக்கும் பொதுவா ஒரு போர் போட்டுத் தர்றோம். மோட்டாரும் தருவோம். கரண்ட் லைனும் இழுத்துடுவாங்க."

சொன்னபடி ரிக் வண்டி வந்தது. ஒரு பகல் முழுக்கச் செம்புழுதி பறந்தது, பிறகு வெள்ளைப் புழுதி. சாயங்காலம் குழாய்வாயிலிருந்து சேறு பீறிட்டது. கொஞ்ச நேரத்தில் சேறு தெளிந்து தண்ணீரானது. ஐந்து வீட்டுச் சனமும் நனைந்துகொண்டு நின்றோம். அத்தை இரண்டு கையிலும் ஏந்திக் குடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "உங்க ஊருத் தண்ணி மாதிரி இருக்கா?" என்று கேட்டார். கடலோரத்தில் எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். இது இனித்தது. அதைச் சொன்னேன். அத்தை சிரித்தார், அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

ஐப்பசி மழையில் கன்றுகளை நட்டோம். எலுமிச்சை, கொய்யா, வரிசைக்கு நடுவே முல்லைப் பதியன்கள். மோட்டாருக்குச் சின்னதாகக் கொட்டகை எழும்பியது. ரோட்டோரத்தில் சிமெண்ட் போஸ்டுகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். லைன் இழுத்ததும் மோட்டாரை இறக்கிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

போஸ்டுகள் அங்கேயே கிடந்தன. ரோட்டிலிருந்து எங்கள் நிலத்துக்கு வர வேண்டுமென்றால் பண்ணையார் நிலத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். தன் நிலத்தில் கம்பி போகக் கூடாதென்று அவர் கோர்ட்டில் ஸ்டே வாங்கியிருந்தார்.

ஐந்து வீட்டு ஆண்களும் அவரைப் பார்க்கப் போனார்கள். நானும் அத்தையும் கூடப் போனோம். தஞ்சாவூரிலிருந்து வந்தால் தங்குகிற ரோட்டோர பங்களாவில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோபமாகப் பேசவில்லை.

"கம்பி போனா அடியில ஒரு மரம் வைக்க முடியாதுப்பா. என் நிலத்தை நான் பார்க்க வேண்டாமா?"

"ஓரமாத்தானுங்க ஐயா போகுது. வேலியை ஒட்டி" என்றார் என் வீட்டுக்காரர்.

"சட்டம் பேசித்தானே என்கிட்ட நிலத்தை எடுத்தீங்க. கம்பியையும் சட்டம் பேசி இழுத்துக்குங்க."

கரண்ட் ஆபீசுக்குப் போனால், கோர்ட் விஷயம், தங்கள் கையில் இல்லை என்றார்கள். தாசில்தார் ஊருக்கு வந்தபோது மனுக் கொடுத்தோம். வாங்கி மேசைமேல் வைத்தார்.

தை வரைக்கும் மண்ணில் ஈரம் இருந்தது. மாசியில் கன்றுகள் வாட ஆரம்பித்தன. ஊர்க்குளத்திலிருந்து குடத்தில் சுமந்தோம். பங்குனியில் குளம் சேறாகிவிட்டது. எண்ணெய் இன்ஜின் வைத்துப் பார்த்தோம். அவ்வளவு ஆழத்திலிருந்து அது இழுக்காது என்று இன்ஜின்காரரே சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டார். காலடியில் தண்ணீர் இருக்கிறது, கண்ணெதிரே செடி சாகிறது. அப்போது எங்களுக்கு இருந்த தவிப்பை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அத்தை போர்க் குழாயின் மூடியைத் திறந்து உள்ளே காதை வைத்துக் கேட்பார். நான் பார்த்ததும் எழுந்து போய்விடுவார்.

என் வீட்டுக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். போர் வாய்க்குள் போகிற அளவில் ஒரு இரும்புக் குழாயை அறுத்து வாங்கி வந்து, அடியில் தோலால் ஒரு மூடி வைத்தார். இறக்கும்போது தோல் திறந்து தண்ணீர் உள்ளே ஏறும். தூக்கும்போது மூடிக்கொள்ளும். போருக்கு மேலே மூங்கில் முக்காலி நட்டு, உருளை மாட்டி, கயிறு கோத்தார். கயிற்றின் மறுமுனையை நாங்கள் இழுக்க வேண்டும். ஆழம் அதிகம், நின்ற இடத்திலிருந்து கையால் இழுத்து ஆகாது. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக நடந்து போக வேண்டும், கவலை ஏற்றத்தில் மாடு இழுத்துப் போகிற மாதிரி. குழாய் மேலே வந்ததும் ஒருவர் பிடித்துத் தொட்டியில் கவிழ்ப்பார். திரும்பி வந்து மறுபடி நடக்க வேண்டும். அப்படி ஒரு நடைக்கு வந்தது ஒரு குடம்கூட நிறையாத தண்ணீர்.

விடிந்ததிலிருந்து வெயில் ஏறும் வரை, பிறகு பொழுது சாயும் வரை, ஐந்து வீட்டுப் பெண்களும் முறைபோட்டு நடந்தோம். ஆண்கள் வெளிவேலைக்குப் போனால்தான் உலை கொதிக்கும் என்பதால் கயிறு எங்களுக்கு. தோளில் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டாலும் தோல் உரிந்தது. பங்காளி வீட்டு அக்காவும் நானும் ஒரே கயிற்றில். அவர் என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் மனைவி, வாயாடி. இழுக்கும்போதெல்லாம் பண்ணையாரைத் திட்டிக்கொண்டே நடப்பார். "திட்டிட்டு நடந்தா கனம் தெரியலடி" என்பார். போகப் போக அவரும் பேச்சை நிறுத்திவிட்டார்.

ஒரு செடிக்கு ஒரு செம்பு என்று கணக்கு வைத்தோம். அதுவும் பற்றவில்லை. ஒரு நாள் காலை நான் கயிற்றை எடுக்கப் போனபோது அத்தை முல்லை வரிசையில் குனிந்திருந்தார். களை எடுக்கிறார் என்று நினைத்துக் கிட்டே போனேன். முல்லைச் செடிகளை ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார். சில செடிகளில் மொட்டு இருந்தது.

"அத்தை, என்ன பண்றீங்க?"

"ரெண்டுல ஒண்ணுதாம்மா பொழைக்கும். மரம் நிக்கட்டும்."

நான் அவர் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு அடுத்த செடிக்குப் போனார். அந்தப் பதியன்களை மழையில் நனைந்து நனைந்து ஊன்றியவரே அவர்தான். வரிசை முடியும் வரைக்கும் பிடுங்கினார். பிடுங்கியதை எல்லாம் சேர்த்து எலுமிச்சைக் கன்றுகளின் தூரில் வெயில் படாமல் மூடாக்காகப் போட்டார். நானும் பிறகு குனிந்து அவரோடு அள்ளினேன்.

சித்திரையில் கயிறு அறுந்தது. நானும் அக்காவும் பாதித் தூரம் நடந்திருந்தோம். தோளில் இருந்த கனம் திடீரென்று இல்லாமல் போனது, இரண்டு பேரும் முகம் குப்புற விழுந்தோம். எனக்குப் பல்லில் இரத்தம். போருக்குள்ளிருந்து இரும்பு இரும்பில் உரசிப் போகிற சத்தம் நீளமாகக் கேட்டு, பிறகு நின்றது.

வேலைக்குப் போன என் வீட்டுக்காரரை ஆள் விட்டுக் கூப்பிட்டோம். முகம் பார்க்கிற கண்ணாடியால் வெயிலைத் திருப்பி உள்ளே அடித்துப் பார்த்தார். தண்ணீர் மட்டும் பளபளத்தது, குழாய் அதற்கும் கீழே முழுகிவிட்டது. கொக்கி செய்து இறக்கினார்கள். பல நாள் துழாவிய பிறகு ஒரு தடவை மாட்டியது. எல்லாரும் சேர்ந்து இழுத்தோம், கொஞ்ச தூரம் வந்தது. பிறகு எதிலோ குறுக்காகச் சிக்கி நின்றுவிட்டது. மாடு கட்டி இழுத்தார்கள். கொக்கி நிமிர்ந்து வெறுமனே மேலே வந்தது. அதற்குப் பிறகு என்ன செய்தும் குழாய் அசையவில்லை.

அக்காவின் வீட்டுக்காரரான பங்காளி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "செடியக் காப்பாத்துறேன்னு போரையே கொன்னுட்டியேப்பா" என்றார். மற்ற வீட்டுக்காரர்கள் அதைச் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. தினமும் ஒன்றாகக் கயிறு இழுத்த அக்கா, என்னை ஊர்க் குடிதண்ணீர்க் குழாயடியில் பார்த்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்.

என் வீட்டுக்காரர் ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்கு வரவில்லை. காட்டில் இல்லை, கடைத்தெருவில் இல்லை. பண்ணையார் நிலத்தில் ஒரு பாழுங்கிணறு உண்டு. அங்கேதான் முதலில் ஓடினேன், எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கடைசியில் ரோட்டோரத்தில் கண்டேன். நடாமல் கிடந்த சிமெண்ட் போஸ்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தார். உச்சி வெயில். போஸ்டு அடுப்புக்கல் மாதிரி கொதித்தது, அவருக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை.

"என்னங்க, வாங்க வீட்டுக்கு."

"எதுக்கு?"

"அத்தை சாப்பிடாம உக்காந்திருக்காங்க" என்றேன். அதற்காக எழுந்து வந்தார்.

அந்தக் கோடையில் கொய்யா முழுக்கப் போனது. எலுமிச்சையில் அத்தை மூடாக்குப் போட்ட வரிசை மட்டும் குச்சியாக நின்று, மழைக்குத் துளிர்த்தது. என் வீட்டுக்காரர் செங்கல் சூளை வேலைக்குப் போனார். நான் நடவுக்காக என் அம்மா ஊருக்குப் போனேன். அப்பாவின் கையை முறித்த அதே பண்ணையின் வயல். முழங்கால் வரை தண்ணீர், வரப்பு உடைந்து வீணாக வடிகாலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நாற்று முடியைப் பிரித்தபடி குனிந்து நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நடவு நட்ட பெண், "புருசன் அடிக்கிறானா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். தண்ணீரைப் பார்த்து அழுகிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. போன கட்சிக்கொடியிலும் வந்த கட்சிக்கொடியிலும் கறுப்பும் சிவப்பும் இருந்தன, மனுக் கொடுக்க நாங்கள் ஏறிய படிகளும் அதேதான். விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம் என்று அறிவித்தார்கள். அதற்குச் சில மாதங்களில் போஸ்டு நட ஆள் வந்தது. எங்கள் வழக்கு ஜெயித்துவிட்டதாக நினைத்து அத்தை கற்பூரம் ஏற்றினார். பிறகுதான் தெரிந்தது, ஸ்டேயைப் பண்ணையாரே வாபஸ் வாங்கியிருக்கிறார். அவருக்குப் போர் போட வேண்டியிருந்தது. கம்பி அவர் நிலத்தின் ஓரமாக, வேலியை ஒட்டி, அன்றைக்கு நாங்கள் சொன்ன வழியிலேயே வந்தது.

எங்கள் போருக்குள் சிக்கிய குழாயைத் தாண்டி மோட்டார் இறங்காது. அதற்கு மேலேயே தொங்கவிட்டார்கள். ஸ்விட்சைப் போட்டதும் தண்ணீர் வந்தது. எங்களை விட்டு விலகியிருந்த நாலு வீடும் வந்து நின்றது. அக்கா என் பக்கத்தில் வந்து, என் தோளில் கயிறு அறுத்த தழும்பைத் தொட்டுப் பார்த்தார். அவர் தோளிலும் அது இருந்தது.

நாலைந்து வருஷம் நன்றாக இருந்தோம். அதை மறைக்கக் கூடாது. மறுபடி கன்று வைத்தோம், முல்லை போட்டோம். எலுமிச்சை கூடை கூடையாகத் தஞ்சாவூர் போயிற்று. மகளைப் பள்ளிக்கூடத்தில் மேலே படிக்க வைத்தோம். அத்தை கண்மூடியதும் அந்த வருஷங்களில்தான். காய்த்த மரத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

பண்ணையார் ஒரு போர் போட்டார், பிறகு இன்னொன்று, பிறகு இன்னும் ஆழமாக ஒன்று. ரோட்டோரம் முழுக்கத் தென்னை, வாழை, முல்லை. அவரைப் பார்த்துச் சுற்றிலும் வசதியுள்ளவர்கள் எல்லாரும் போட்டார்கள். கரண்டுக்குக் காசில்லை, மோட்டார் இரவும் பகலும் ஓடியது. நிலத்தடித் தண்ணீர் வருஷத்துக்கு வருஷம் கீழே போனது. எங்கள் மோட்டார் முதலில் பங்குனி வரைக்கும் இழுத்தது, பிறகு மாசியிலேயே காற்றை இழுத்தது. மோட்டாரை இன்னும் இறக்க வேண்டும். இறக்க முடியாது, அடியில் அந்தக் குழாய். புதுப் போர் கேட்டுப் போனோம். "உங்களுக்குத்தான் ஏற்கெனவே கொடுத்தாச்சே" என்றார்கள்.

வீடு வீடாக நிலம் பண்ணையார் கைக்குத் திரும்பியது. அரசாங்கம் கொடுத்த நிலத்தை விற்கக் கூடாதுதான். விற்காமலே எழுதி வாங்க வக்கீல்களுக்கு வழி தெரியும். பங்காளி வீடு கடைசியாக எழுதிக் கொடுத்தது. அக்கா திருப்பூருக்குப் புறப்பட்ட அன்று பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்க்கவே இல்லை. பஸ் கிளம்பியதும் திரும்பிப் பார்த்து, "நீயாவது இருடி" என்றார்.

மழைக்காலத்தில் நான் நிலத்துக்காரி. கோடையில் பண்ணையார் தோட்டத்தில் முல்லை பறிக்கப் போகிறேன். இப்போது அவருக்குத் தள்ளாத வயது, காரில் உட்கார்ந்தபடியே பார்க்கிறார். ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு, "உங்க போர் தண்ணி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "இல்லைங்க ஐயா" என்றேன். "எனக்கும் கொறைஞ்சிட்டு வருது" என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

மகள் இப்போது தஞ்சாவூரில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறாள். போன மாதம் வந்தவள் இலை சுருண்ட மரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, எழுதிக் கொடுத்துட்டு என்கூட வந்துடுங்க. எத்தனை நாளைக்கு இந்தக் காட்டைக் கட்டிக்கிட்டு அழுவீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவள் சொன்னதில் தப்பே இல்லை.

"இந்த மழை எப்படிப் பெய்யுதுன்னு பார்ப்போம்மா" என்றார்.

"போன வருஷமும் இதைத்தான் சொன்னீங்க."

அவர் எழுந்து கொட்டகைக்குப் போனார். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. குழாயில் கொஞ்சம் தண்ணீர் வந்தது, பிறகு இருமல் மாதிரி காற்று. அவர் நிறுத்திவிட்டார். மகள் மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்கப் பையை எடுத்துக்கொண்டாள். நான் வந்த தண்ணீரை ஒரு குடத்தில் பிடித்து, எந்த மரத்துக்கு ஊற்றுவது என்று தெரியாமல் நின்றேன்.